எலும்புப் புற்றும் முன்குறிகளும்

மாணவ மாணவியரே, நோயாளியை மருத்துவமனையில் சேர்த்தவுடன் உறவினர் மருத்துவரை நோக்கி முதலில் கேட்பது, ‘இஃது என்ன நோய்?’ என்பதன்று, ‘பிழைத்து எழுவாரா?’ என்பதே. நோயின் பெயரை அறிவதற்கு முன்பே அதன் முடிவை அறிய மனிதன் அவாவுகிறான். இந்த அவா மிகப் பழமையானது. நம் சித்த மருத்துவர்கள் நாடி பார்த்ததோடு நில்லாமல், நோயாளியின் சிறுநீரைக் கலத்தில் வாங்கி, அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் வடிவத்தை நோக்கினர். பாம்புபோல் நீண்டால் ஒரு பொருள். மோதிரம்போல் வட்டமிட்டால் ஒரு பொருள். முத்துப்போல் நின்றால் மற்றொரு பொருள். நீர்க்குறி, நெய்க்குறி என்று இதற்குப் பெயர். தீரும் நோய், தீராத நோய் என்று பகுப்பதற்கும் இக்குறியையே துணையாகக் கொண்டனர். அம்முறை எவ்வளவு சரி என்பது இன்றைய பேச்சின் பொருளன்று. ‘குறி’ என்ற சொல்லை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். இன்றைய மருத்துவ உலகம் ‘பயோமார்க்கர்’ என்று வழங்குவது இதனையே: உடலின் உள்ளே நிகழ்வதை வெளியே நின்று அளந்தறிய உதவும் அடையாளம். எலும்பில் தோன்றும் புற்றுநோயில் இத்தகைய குறிகளை மனிதர் எவ்வாறு கண்டனர், எவ்வளவு நம்பினர், எங்கே ஏமாந்தனர் என்பதே இன்று நான் சொல்லவிருக்கும் வரலாறு.

வியப்பு என்னவென்றால், மேலைநாட்டு வரலாறும் சிறுநீர்க் கலம் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது. லண்டன் மாநகரில் 45 வயது வணிகர் ஒருவர் இருந்தார். 1844-ஆம் ஆண்டு செப்டம்பரில் விடுமுறைக்காக வெளியூர் சென்றிருந்தபோது, நிலத்தடிக் குகை ஒன்றிலிருந்து தாவி வெளியேறுகையில், மார்பினுள் ஏதோ முறிந்ததுபோல் உணர்ந்தார். வலி வந்தது, தணிந்தது, மீண்டும் வந்தது. இரத்தம் வாங்குதல், அட்டை விடுதல், இரும்பு மருந்து, குயினைன் என்று அக்கால வைத்தியம் யாவும் நடந்தது. 1845 அக்டோபர் இறுதியில் வில்லியம் மக்கின்டயர் என்னும் மருத்துவர் அவரைப் பார்க்க வந்தார். கால்களில் வீக்கம் கண்டு, சிறுநீரையும் சோதித்துப் பார்த்தார். அதில் இதுவரை கண்டறியாத ஒரு பொருள் இருந்தது. மிதமான சூட்டில் அது வெண்மையாகத் திரையும். கொதிநிலை நெருங்கும்போது கரைந்து தெளிந்துவிடும். ஆறினால் மறுபடியும் திரையும். முட்டையின் வெண்கருவை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை வெந்து கட்டியாகிவிட்டால் எவ்வளவு கொதித்தாலும் அது கரைவதில்லை. இப்பொருளோ அதற்கு நேர்மாறாக நடந்தது.

மக்கின்டயரும், அவருடன் நோயாளியைக் கவனித்துவந்த தாமஸ் வாட்ஸனும், அந்தச் சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்பவருக்கு அனுப்பினர். அவர் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர், இரசாயனத்தில் வல்லவர், அப்போது வயது 31. அவர் அப்பொருளைப் பிரித்தெடுத்தார், எடை போட்டார், அதன் குணங்களை எழுதிவைத்தார். 1846-ஆம் ஆண்டின் முதல் நாளன்று வணிகர் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது விலா எலும்புகள் கைப்பட்டாலே நொறுங்கும் நிலையில் இருந்தன. எலும்பு இவ்வாறு மென்மையாகும் நோயில் இப்பொருளைத் தேடிப்பார்க்க வேண்டும் என்று பென்ஸ் ஜோன்ஸ் 1847, 1848-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் வற்புறுத்தினார்.

அந்த நோய்க்கு இன்று ‘மல்டிப்பிள் மயலோமா’ என்று பெயர். எலும்பின் மஜ்ஜையில் உள்ள ஒருவகை அணுக்கள் கட்டுமீறிப் பெருகி எலும்பை அரிக்கும் புற்றுநோய் அது. எலும்பே புற்றாக மாறும் நோய்களோடு அதனை ஒன்றாகக் கருதலாகாது. இரத்தப் புற்று வகையைச் சேர்ந்தது என்பதே சரி. ஆயினும் உடல் நீர் ஒன்றில் புற்றுநோயின் அடையாளத்தை இரசாயன முறையால் கண்டது அதுவே முதன்முறை. அப்பொருள் யாது என்பது தெளிவாக 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோய் எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டே அது என்று அவ்வாண்டில் ஜெரால்டு எடல்மனும் ஜோசப் கேலியும் நியூயார்க்கில் காட்டினர். கண்டதற்கும் விளங்கியதற்கும் இடையே 117 ஆண்டுகள்!

ஆனால் இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென்ஸ் ஜோன்ஸுக்கு நோயை அறியும் குறி கிடைத்தது; முடிவை அறியும் குறி கிடைக்கவில்லை. அவர் முன் இருந்தது ஒரே நோயாளி, ஒரே முடிவு. இப்பொருள் மிகுதியாகக் கழிந்தால் விரைவில் மரணமா? குறைந்தால் பல்லாண்டு வாழ்வா? ஒருவரைக் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. நூறு பேரைக் காண வேண்டும். கண்டால் மட்டும் போதாது. நூறு பேருக்கும் பின்னர் என்ன நேர்ந்தது என்று எழுதிவைக்க வேண்டும். இச்சிறு செயலுக்காக ஒரு மனிதர் தம் வாழ்வையே இழந்த கதையை இனிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். 1869-இல் பிறந்தவர், ஹார்வர்டில் பயின்றவர், புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றியவர். அவருடைய கொள்கை எளியது. அறுவை செய்துகொண்ட ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்து மீண்டும் தேடிப் பார்க்க வேண்டும். சிகிச்சை பயன்பட்டதா என்று ஓர் அட்டையில் எழுத வேண்டும். பயன்படவில்லையெனில் ஏன் என்று ஆராய வேண்டும். அதை ஊரறிய வெளியிடவும் வேண்டும். ‘இறுதி விளைவு’க் கொள்கை என்று அதற்குப் பெயர் வைத்தார். நீங்கள் சிரிக்கக்கூடும். தேர்வு எழுதிய பிள்ளை தேறினானா, தவறினானா என்று பார்க்காத பள்ளி உண்டா? ஆனால் அக்காலத்து மருத்துவமனைகளில் எத்தனை படுக்கைகள், எத்தனை அறுவைகள் என்ற கணக்கு இருந்தது; வீடு திரும்பியவர் பின்பு என்ன ஆனார் என்ற கணக்கு இல்லை.

பெரிய மருத்துவமனை இக்கொள்கையை ஏற்கவில்லை. காட்மன் 1911-இல் தாமே ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கி, 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அதில் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே எண்ணிச் சொன்னார். தம் பிழையைத் தாமே அச்சிட்டு வழங்கும் மருத்துவரைச் சக மருத்துவர் விரும்புவரோ? போதாக்குறைக்கு, 1915 ஜனவரி 6-ஆம் நாள் மருத்துவர் கூட்டம் ஒன்றில் பெரியதொரு கேலிச் சித்திரத்தைத் திறந்துவைத்தார். மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு, பொன் முட்டைகளைப் பின்னால் உதைத்துத் தள்ளும் தீக்கோழி அதில் வரையப்பட்டிருந்தது. செல்வர்களே அத்தீக்கோழி, முட்டைகளைப் பொறுக்குவோர் மருத்துவர்கள். கூட்டம் கொதித்தெழுந்தது. பதவிகள் போயின, நண்பர்கள் விலகினர், வருவாய் குன்றியது. அச்சித்திரம் தேவைதானா என்று நான் நினைப்பதுண்டு. உண்மையைச் சொல்பவன் எதிரே இருப்பவர் காது கொடுக்கும்படி சொன்னால் இன்னும் பயன் விளைந்திருக்கும். ஆயினும் அவர் சொன்னது உண்மை.

இப்படி ஒதுக்கப்பட்ட காட்மன்தான் எலும்புப் புற்றின் வரலாற்றில் நுழைகிறார். எலும்பிலேயே பிறக்கும் புற்றுகளுள் தலையாயது ‘ஆஸ்டியோசார்க்கோமா’. புற்றணுக்கள் தாமே ஒழுங்கற்ற எலும்பை ஆக்கிக்கொண்டு பெருகும் நோய் அது. பெரிதும் உங்கள் வயதினரையே தாக்குகிறது. எலும்பு விரைந்து வளரும் பருவத்தில், பெரும்பாலும் முழங்காலை ஒட்டித் தோன்றுகிறது. அரிதாகவே வரும் நோய். ஆகவே இதைக் கேட்டு யாரும் முழங்காலைத் தடவிப் பார்க்க வேண்டா. ஆனால் அரிய நோய் என்பதே மருத்துவருக்குப் பெரிய இடர். ஓர் அறுவை மருத்துவர் தம் வாழ்நாளில் இத்தகைய நோயாளிகளை மிகச் சிலரையே காண்பார். அந்தச் சிலரைக் கொண்டு அவர் என்ன கணிக்க இயலும்?

1920-ஆம் ஆண்டில் தம்மிடம் வந்த ஒரு நோயாளியின் பொருட்டு, இந்நோயிலிருந்து மீண்டவர் எவரேனும் உண்டா என்று அறிய விரும்பினார் காட்மன். நாடெங்கும் இருந்த அறுவை மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார். நோயாளியின் வரலாறு, எக்ஸ்ரே படம், கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு, நோயாளியின் இறுதி நிலை ஆகியவற்றை அனுப்புமாறு வேண்டினார். ஜேம்ஸ் யூவிங், ஜோசப் பிளட்குட் என்னும் இரு பேரறிஞர்களைத் துணையாகச் சேர்த்துக்கொண்டார். எலும்பு சார்க்கோமாப் பதிவேடு பிறந்தது. வந்து குவிந்த தகடுகளைப் பார்த்தபோது வெளிப்பட்டது, ஒரே கட்டிக்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்கிய குழப்பந்தான். ‘எலும்புப் புற்றைக் குணப்படுத்தினேன்’ என்று ஒருவர் எழுதியிருப்பார். தகட்டை நோக்கினால் அது புற்றே அன்று. எனவே 1925-இல் பெயர்களை ஒழுங்குபடுத்தி ஒரு நூல் வெளியிட்டார் காட்மன். அடுத்த ஆண்டில் இந்நோயை உறுதிசெய்வதற்கான 25 அளவுகோல்களை வகுத்து, ஐந்தாண்டு கடந்து வாழ்ந்ததாகப் பதிவான 13 பேரையும் அவ்வளவுகோல்களால் சோதித்தார். நாடு முழுவதும் தேடியும் பதிமூன்றே பேர்! அந்த எண்ணைச் சற்று நினைத்துப் பாருங்கள். மெய்யான நம்பிக்கை எவ்வளவு என்று முதன்முதலாக ஒரு நேர்மையான கணக்கு கிடைத்தது.

எக்ஸ்ரே படத்தில் எலும்பின் மேலுறை தூக்கப்பட்டு முக்கோணமாகத் தெரியும் அடையாளத்தை இன்றும் ‘காட்மன் முக்கோணம்’ என்றே மருத்துவ மாணவர் படிக்கின்றனர். அவர் 1940-இல் மறைந்தார். கல்லறையில் பெயர் பொறித்த கல்லும் இல்லை. 2014-இல்தான் பின்வந்தோர் ஒரு கல்லை நாட்டினர்.

பதிவேடு ஒருபுறம் வளர, அதில் எழுதத்தக்க ஒரு குறி லண்டனில் உருவாகிக்கொண்டிருந்தது. லிஸ்டர் நிலையத்தில் ஆராய்ந்துவந்த ராபர்ட் ராபிசன், எலும்பு எவ்வாறு கெட்டிப்படுகிறது என்ற வினாவை எடுத்துக்கொண்டார். எலும்பின் கடினத்துக்குக் காரணம் கால்சியம் பாஸ்பேட் உப்பு. அந்தப் பாஸ்பேட் எங்கிருந்து விடுபடுகிறது? வளரும் எலும்பில் ஒரு நொதி இருக்கிறது. அது கரிமச் சேர்மங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது என்று 1923-இல் அவர் காட்டினார். இதுவே இன்று நாம் ‘ஆல்கலைன் பாஸ்படேஸ்’ என்று அழைப்பது. எலும்பைக் கட்டும் அணுக்களில் இது மிகுதி. அங்கிருந்து இரத்தத்திலும் சிறிது கசிகிறது. எலும்பு நோய்கள் சிலவற்றில் இரத்தத்தில் இதன் அளவு ஏறுகிறது என்று 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹெர்பர்ட் கே கண்டார். எலும்புக் கட்டிகளின் திசுவிலும் இரத்தத்திலும் இதனை அளந்து 1935-இல் பிரான்சீன், மக்லீன் என்னும் இருவர் கட்டுரை வெளியிட்டனர். நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் ஹெலன் உடார்டு என்னும் அம்மையார் இதே பணியில் பல்லாண்டு ஈடுபட்டார்.

காரணம் எளிதில் விளங்கும். ஆஸ்டியோசார்க்கோமாவின் அணுக்கள் எலும்பை ஆக்கும் இயல்புடையவை. ஆகவே நொதியையும் ஆக்குகின்றன. கட்டி பெரிதானால் இரத்தத்தில் நொதி ஏறும். கட்டியுள்ள காலை நீக்கினால் இறங்கும். இறங்கிய அளவு சில மாதங்களில் மீண்டும் ஏறினால், நோய் நுரையீரலில் வேரூன்றிவிட்டதோ என்று ஐயுற வேண்டும். பிற்காலத்தில், இத்தாலியில் பொலோனா நகரத்து ரிஸ்ஸோலி நிலையத்தார் பல நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, சிகிச்சைக்கு முன்னரே இந்நொதி மிகுந்திருந்தவர்களுக்கு நோய் மீள்வது அதிகம் என்று 1990-களில் எழுதினர். அந்நிலையம் குன்றின்மேல் உள்ள ஒரு பழைய துறவி மடத்தில் இருக்கிறது, அது நிற்க. எல்.டி.எச். எனப்படும் மற்றொரு நொதியும் இவ்வாறே பயன்படுகிறது. இன்றும் இந்நோய் கண்ட எவருக்கும் இவ்விரண்டையும் அளந்தே சிகிச்சையைத் தொடங்குகின்றனர்.

ஆயினும் இக்குறியில் ஒரு பொல்லாத சிக்கல் உண்டு. நோய் வருவது வளரும் பருவத்தில். வளரும் பருவத்தில் நோயற்ற பிள்ளைக்கும் இந்நொதி மிகுந்தே இருக்கும். உங்கள் இரத்தத்தை அளந்தால் என் இரத்தத்தில் உள்ளதைப் போல் இருமடங்கு, மும்மடங்கு இருக்கலாம். கல்லீரலில் கோளாறு இருந்தாலும் ஏறும். கருவுற்ற பெண்டிருக்கும் ஏறும். ஆகவே எண் மட்டும் எதையும் சொல்வதில்லை. யாருடைய எண், எந்த வயதில், எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டால்தான் அது பேசத் தொடங்கும்.

இவ்விடத்தில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் வந்து சேர்கிறார். இந்நொதியின் வேகத்தை அளப்பதற்கு, அது விடுவிக்கும் பாஸ்பேட்டை அளக்க வேண்டும். பாஸ்பரஸை நீல நிறமாக மாற்றி, நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவிடும் எளிய முறை ஒன்று 1925-இல் ஹார்வர்டிலிருந்து வெளிவந்து, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரவிற்று. பிஸ்க்–சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். அந்தச் சுப்பாராவ், ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவே. கதர் உடுத்தியதால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் பெறாமல் எல்.எம்.எஸ். சான்றோடு வெளியேறியவர். 1922-இல் பாஸ்டன் சேர்ந்து, மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்துகொண்டே படித்தவர். பிறகு லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். போலிக் அமிலத்தைப் போல் உருமாறி வந்து புற்றணுவை ஏமாற்றும் மருந்துகளை அவருடைய குழுவினர் 1940-களில் ஆக்கினர். அவற்றுள் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். 1948-இல், தமது 53-ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். அம்மருந்து எலும்புப் புற்றுக்கு என்ன செய்யப் போகிறது என்பதை அவர் காணவில்லை.

அதைக் காண 1970-கள் வரை செல்ல வேண்டும். அதுவரை ஆஸ்டியோசார்க்கோமாவுக்குச் சிகிச்சை, காலையோ கையையோ வெட்டுவதே. வெட்டிய பின்பும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு, பெரும்பாலும் நுரையீரலில், நோய் மீண்டது. கட்டியைக் கண்ட நாளிலேயே கண்ணுக்குத் தெரியாத விதைகள் உடலில் தூவப்பட்டிருந்தன என்பதே இதன் பொருள். பாஸ்டனில் நார்மன் ஜாபி என்பவர் மெத்தோட்ரெக்ஸேட்டை உயிர் தாங்காத அளவில் செலுத்தி, ஏறக்குறைய ஒருநாள் கழித்து முறிவு மருந்தைக் கொடுத்து உடலைக் காத்தார். அட்ரியாமைசின் என்னும் மற்றொரு மருந்தும் வந்தது. பிழைப்போர் தொகை ஏறிற்று.

ஆனால் உடனே ஒரு பெரிய வாதம் எழுந்தது. மயோ மருத்துவமனையார் தம் பழைய ஏடுகளைப் புரட்டி, ‘எங்களிடம் மருந்தில்லாமலே பிழைப்போர் தொகை ஆண்டுக்காண்டு ஏறிவருகிறது, நோயின் போக்கே மாறியிருக்கலாம், புகழை மருந்துக்குச் சூட்டாதீர்கள்’ என்றனர். இது வீம்பு வாதமன்று. ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய வாதம். தீர்ப்பதற்கு ஒரே வழி, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பது. அறுவைக்குப் பின் ஒரு பாதியினருக்கு மருந்து. மறு பாதியினருக்கு மருந்தில்லை, நோய் மீண்டால்தான் மருந்து. 36 பேர் இதற்கு உடன்பட்டனர். 1986-இல் வெளிவந்த முடிவு இது: ஈராண்டு நோய் மீளாமல் இருந்தோர், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 66, பெறாதவர்களில் நூற்றுக்கு 17.

பதினேழு! பழைய கணக்குச் சரியாகவே இருந்தது, நோய் மாறவில்லை. மருந்து பெறாத பிரிவில் விழுந்த பிள்ளைகளை நினைக்கும்போது என் மனம் நிலைகொள்வதில்லை. அறிவு இப்படியும் விலை கேட்கிறது. அந்தச் சோதனை நடந்திராவிட்டால் எத்தனை நாடுகளில் எத்தனை மருத்துவர்கள் மருந்து கொடுக்காமலே இருந்திருப்பர் என்றும் எண்ணிப் பார்க்கிறேன். எது சரி என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வகுப்பில் வாதித்துப் பாருங்கள்.

இதற்கிடையே நியூயார்க்கில், தற்செயலாக, இன்னும் வலிய ஒரு குறி கிடைத்தது. காலை வெட்டாமல், நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி உலோக எலும்பைப் பொருத்தும் முறை அப்போது தொடங்கியிருந்தது. ஒவ்வொருவர் அளவுக்கும் தனித்தனியே அதைச் செய்துமுடிக்க வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல் மருந்தைக் கொடுக்கத் தொடங்கினர் ஜெரால்டு ரோசனும் அவருடைய துணைவர்களும். பின்னர் வெட்டி எடுத்த எலும்பை ஆண்ட்ரூ ஹூவோஸ் நுண்ணோக்கியில் பார்த்தார். சிலருடைய கட்டியில் அணுக்கள் பெரும்பாலும் மடிந்திருந்தன; சிலருடையதில் உயிரோடு செழித்திருந்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்திருந்தால் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. குறைவானால் வாய்ப்பும் குறைவு. இரத்தத்தில் அளக்கும் எந்த நொதியைக் காட்டிலும் இது உறுதியான குறியாயிற்று.

குறி கிடைத்தவுடன் அடுத்த எண்ணம் இயல்பாகவே எழுந்தது. மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கு மருந்தை மாற்றினால் என்ன? ரோசன் 1982-இல் அப்படியே செய்து, மிகச் சிறந்த பயன் கண்டதாக எழுதினார். உலகம் மகிழ்ந்தது. நோயாளிகளை மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது அப்பயன் முதலில் தோன்றிய அளவுக்கு நிலைக்கவில்லை. ஐயத்தை முடிவாகத் தீர்க்க, 2005 முதல் 2011 வரை 17 நாடுகளைச் சேர்ந்த 2260 நோயாளிகளைப் பதிவு செய்தது ‘யூராமாஸ்’ என்னும் பேராராய்ச்சி. கட்டி நன்கு மடியாத 618 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு முன்னைய மூன்று மருந்துகளே. மறு பிரிவினருக்கு அவற்றோடு மேலும் இரண்டு. 2016-இல் முடிவு வெளிவந்தது. இரு பிரிவினர்க்கும் பயனில் வேறுபாடில்லை. ஐந்து மருந்து பெற்றோர் கூடுதலாகத் துன்பப்பட்டதே மிச்சம்.

முப்பத்தைந்து ஆண்டு பள்ளியில் இருந்தவனுக்கு இது நன்றாக விளங்குகிறது. காலாண்டுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கண்டு, முழுஆண்டுத் தேர்வில் யார் தவறுவார் என்று பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடலாம். தவறக்கூடிய பிள்ளைக்கு மாலையில் இரட்டிப்புப் பாடம் வைப்போம். அவனோ இரவு கண்விழித்துத் தந்தையோடு கடையில் நிற்பவன். அவனுடைய குறையைக் காட்டிய மதிப்பெண், அக்குறைக்கு மருந்து எது என்பதைக் காட்டவில்லை. மருத்துவரும் இவ்விரண்டையும் இப்போது பிரித்தே பேசுகின்றனர்: வரப்போகும் முடிவை உணர்த்தும் குறி ஒன்று, எந்த மருந்து பயன்படும் என்று காட்டும் குறி மற்றொன்று. ஆஸ்டியோசார்க்கோமாவில் முதல் வகைக் குறிகள் பல உண்டு. இரண்டாம் வகைக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.

குறி பொருள் இழப்பதும் உண்டு. காட்மனுக்குத் துணைநின்ற ஜேம்ஸ் யூவிங் 1921-இல் விவரித்த மற்றோர் எலும்புப் புற்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அதில் இரு குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று 1992-இல் தெரிந்தது. ஒட்டுமிடம் எல்லாருக்கும் ஒன்றன்று. ஒருவகை ஒட்டு உடையவர் மற்றவரைவிட நன்கு பிழைக்கின்றனர் என்று 1998-இல் எழுதினர். 2010-இல் ஐரோப்பியரும் அமெரிக்கரும் தனித்தனியே பெருந்தொகை நோயாளிகளைக் கொண்டு மீண்டும் பார்த்தபோது அவ்வேறுபாட்டைக் காணவில்லை. முதலில் எழுதியவர் பொய் சொன்னார் என்பதில்லை. இடையில் சிகிச்சை வலுப்பெற்றிருந்தது. பழைய வேறுபாடு அதில் கரைந்துபோயிருக்கலாம். குறி என்பது நோயின் மேல் மட்டும் எழுதப்பட்டதன்று. அக்காலத்து மருத்துவத்தின் மேலும் எழுதப்பட்டது.

இன்று, நுரையீரலுக்குப் பரவுமுன் கண்டறிந்து முறையாகச் சிகிச்சை பெறும் ஆஸ்டியோசார்க்கோமா நோயாளிகளில் பத்துப் பேருக்கு ஆறு, ஏழு பேர் பிழைக்கின்றனர். முன்பே பரவிவிட்டால் தொகை மிகக் குறைந்துவிடுகிறது. எல்லாக் குறிகளிலும் வலியது இன்றும் இதுவே. புதிய தேடலோ இரத்தத்தில் மிதக்கும் புற்றின் டி.என்.ஏ. துணுக்குகளை நோக்கித் திரும்பியுள்ளது. மடியும் புற்றணு தன் மரபுப்பொருளைச் சிதறவிடுகிறது. அதன் பிறழ்ச்சிகளைக் கொண்டு அத்துணுக்கைப் பிற துணுக்குகளிலிருந்து பிரித்தறியலாம். 2018-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவின்படி, புதிதாக நோய் கண்டோரில் யூவிங் புற்றில் நூற்றுக்கு 53 பேரிடமும், ஆஸ்டியோசார்க்கோமாவில் நூற்றுக்கு 57 பேரிடமும் அத்துணுக்குகள் சிகிச்சைக்கு முன்பே காணப்பட்டன. நோய் பரவாத நிலையில் இருந்த யூவிங் நோயாளிகளுள், அவை காணப்பட்டவர்க்கு நோய் மீள்வது மிகுதியாக இருந்தது.

அந்த ஆராய்ச்சிக்குரிய இரத்தம் புதிதாக எடுக்கப்பட்டதன்று. முன்னரே சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளிடம் வாங்கிச் சேமித்து வைத்திருந்த இரத்தம் அது. ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு நேரே, அப்பிள்ளைக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று யாரோ ஒருவர் ஆண்டுதோறும் தேடி எழுதிவைத்திருந்த பதிவு.